ஃபெரார்கஞ்ச் வழி கோவில்பட்டி

டெலானிபூர், போர்ட் பிளேர்
7 ஜூலை 1968

மரியாதைக்குரிய சண்முகம் அண்ணாச்சி அவர்களுக்கு,

மிக்கேல் எழுதுவது. உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப்போடாமல் இதுவரை படித்திருந்தால், இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை இந்திராணி சுகமாக இருக்கிறாள். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதுங்க, ஆனா பதில் வரும்னு கப்பலைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க" என்றாள். எங்களுக்கு ஒரு பையன். இருபது மாதம். மாதா கோயிலில் வைத்த பெயர் தாமஸ். உங்கள் தங்கை கூப்பிடுவது வேலு. இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் கல்யாணம் முடிந்த மறுநாள், நானும் அவளும் உங்கள் வாசலில் வந்து நின்றோம். நீங்கள் சொன்னது இது: "ரோடே இல்லாத ஊருல நீ என்னலே டிரைவரு? உன் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து என் வாசல்ல நிறுத்து. அன்னைக்கு வேணா உன்ன மாப்பிள்ளைன்னு கூப்பிடுதேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் எழுநூறு மைல் கடல் கிடக்கிற தைரியத்தில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி, நான் வருகிறேன். இங்கே சர்க்கார் லாரியில் ஜல்லியும் மரமும் அடிக்கிறேன். சொந்தமாக ஒரு ஜீப்பும் இருக்கிறது. சண்டைக் காலத்து வண்டி. புதர் மண்டிக் கிடந்ததை எடுத்து, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து எழுப்பிவிட்டேன். அடுத்த மே மாதம் லீவு போட்டு, ஜீப்பைக் கப்பலில் ஏற்றி, மெட்ராஸில் இறக்கி, அங்கிருந்து கோவில்பட்டிக்கு ஓட்டி வரப்போகிறேன். இந்திராணியும் பையனும் கூட வருவார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ரோட்டில் வாரம் தவறாமல் லாரி ஓட்டுகிறவர் நீங்கள். பிள்ளைக்குப் பால் எங்கெங்கே நம்பி வாங்கலாம்?

பணிவுடன்,
மிக்கேல்


கோவில்பட்டி
2 ஆகஸ்டு 1968

டிரைவர் மிக்கேலுக்கு,

சண்முகம் எழுதிக்கொண்டது. இது உறவுக்காரன் உறவுக்காரனுக்கு எழுதும் கடிதம் அல்ல. வழி கேட்டவனுக்குச் சொல்லாமல் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. எதிரி வண்டி பஞ்சராகி நின்றாலும் இறங்கி ஜாக்கி கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் இதை எழுதுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீர் பாலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர். ரோட்டோர டீக்கடைப் பாலைத் தொடக்கூடாது. பாதி குளத்துத் தண்ணீர். திண்டிவனம் தாண்டியதும் இடது கைப்பக்கம் இரட்டைப் பனை நிற்கும் வீட்டில் கண் எதிரிலேயே கறந்து கொடுப்பார்கள். அடுத்து உளுந்தூர்ப்பேட்டை சந்தைப் பக்கம். விராலிமலையில் ஆட்டுப்பால்தான் கிடைக்கும், அது ஆகாது. துவரங்குறிச்சியில் என் பெயரைச் சொன்னால் காய்ச்சியே கொடுப்பார்கள். சொல்லலாம். அதற்கும் வேறு அர்த்தம் இல்லை.

ஆனால் பால் ஒரு பெரிய காரியமா? முந்நூற்றைம்பது மைல், ஐயா. என் வண்டி கிளீனர் பழனிசாமிக்கு நாற்பது வயது. அவனே அந்த ரோட்டில் மூன்று இடத்தில் அழுவான். இருபது மாதப் பிள்ளை எத்தனை மைல் உட்காரும், எந்த மைலில் கத்தும், கத்தினால் எதற்கு அடங்கும், இதெல்லாம் தெரியாமல் கிளம்புகிறவன் டிரைவர் இல்லை. டீசல் அளவு பார்க்காமல் கிளம்புகிறவனுக்குச் சமானம். முதலில் பிள்ளையை வண்டியில் வைத்து ஓட்டிப் பாரும். உமது ஊரில் அதற்கு ரோடு இருந்தால்.

அவள் சுகம் என்று எழுதியிருந்தீர். என் வீட்டில் பொன்னம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அவ்வளவுதான்.

சண்முகம்


டெலானிபூர்
10 செப்டம்பர் 1968

அண்ணாச்சி அவர்களுக்கு,

ரோடு இருக்கிறது. நீளம்தான் கம்மி.

அபர்டீன் பஜாரிலிருந்து ஃபெரார்கஞ்ச் இருபத்திரண்டு மைல். போய்த் திரும்பினால் நாற்பத்து நான்கு. எட்டுத் தடவை போய் வந்தால் முந்நூற்று ஐம்பத்திரண்டு. நீங்கள் எழுதிய முந்நூற்றைம்பதுக்கு இரண்டு மைல் கூடுதல். வழி தவறியதாக வைத்துக்கொண்டேன். நாலு நாள் லீவு போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. உண்மையாகவே பயணம் கிளம்புகிற மாதிரி பெட்டி, பாய், பால் பிளாஸ்க், அரிசிக் கஞ்சி, மாற்றுத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டோம்.

பஜாரில் ஒரு பெங்காலி மளிகைக்காரர், "மிக்கேல் பாய், கஹாம் ஜா ரஹே ஹோ?" என்று கேட்டார். "கோவில்பட்டி" என்றேன். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவர் கடையில்தான் இருந்தார். மறுநாள் காலையில் மறுபடி கோவில்பட்டி. நாலாவது நாள் எழுந்து வந்து வண்டியை நிறுத்தி, பையன் கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, "கோவில்பட்டி பஹுஞ்ச் கயா க்யா?" என்றார். ஊர் வந்து சேர்ந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். பஜாரே சிரித்தது. நான் கோபப்படவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். தொடர்ச்சியாக ஒன்றே கால் மணி நேரம் உட்காருகிறான். பாய் மடித்துப் போட்டால் ஒன்றரை. மேடு ஏறும்போது தூங்குகிறான், இறங்கும்போது விழிக்கிறான். வாந்தி ஒரே ஒரு தடவை. வாழைப்பழம் கொடுத்தது என் தப்பு. கியர் மாற்றும் சத்தம் அவனுக்குப் பிடிக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். எட்டாவது மைலில் ரோடு உள்பக்கம் திரும்புகிறது. அங்கே சரியாக அழ ஆரம்பிக்கிறான். பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் இல்லை. எதையோ களவு கொடுத்தவன் மாதிரி அழுகை. திரும்பி வரும்போது அதே இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் எனக்குப் பிடிபடவில்லை. கேஸ்கட் சத்தத்துக்குப் பயப்படுகிறானோ என்று பானெட்டைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் இந்திராணிதான் கண்டுபிடித்தாள். அந்த இடத்தில் கடல் மறைகிறது. பிறந்ததிலிருந்து எந்த ஜன்னலில் பார்த்தாலும் கடலைப் பார்த்தவன். அது இல்லாவிட்டால் "பானி, பானி" என்று தண்ணீரைக் கேட்டுக் கை நீட்டி அழுகிறான். இங்கே பிள்ளைகளுக்கு முதலில் வருவது இந்திதான், தப்பாக நினைக்க வேண்டாம்.

அண்ணாச்சி, மெட்ராஸிலிருந்து கோவில்பட்டி வரை ரோட்டிலிருந்து கடல் எங்கெங்கே தெரியும்?

மிக்கேல்


கோவில்பட்டி
6 அக்டோபர் 1968

டிரைவர் மிக்கேலுக்கு,

உமது கடிதத்தைத் தீப்பெட்டி லோடு ஏற்றுகிற இடத்தில் வைத்துப் படித்தேன். பிறகு வண்டியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறேன். ஒரு பயணத்துக்கு முன்னால் அந்தப் பயணத்தையே ஒரு தடவை ஓட்டிப் பார்த்த ஆளை நான் கண்டதில்லை, கேட்டதுமில்லை. லாரி செட்டில் நாலு டிரைவர்களிடம் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டார்கள். உமக்கு நல்ல வார்த்தை எழுத இந்தப் பேனாவுக்கு மனசில்லை. ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லவும் எனக்கு வராது. கெட்டிக்கார வேலை.

கடல் எங்கும் தெரியாது. மெட்ராஸை விட்டால் கோவில்பட்டி வரை ஒரு சொட்டுக் கடல் கிடையாது.

அதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். கடலுக்குப் பதில் வேறு தண்ணீர் காட்டினால் அடங்குவானா என்று ஏதாவது ஏரியைக் காட்டிச் சோதித்து எழுதும். அடங்குவான் என்றால் மே மாதத்தை மறந்துவிடும். மே மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் ஏரி என்பது பையன்கள் பந்தடிக்கிற இடம். தை மாதம் வந்தால் மதுராந்தகம் ஏரி ரோட்டை முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே எவ்வளவு தண்ணீர் என்று அடுத்த நடையில் குறித்துக்கொண்டு வருகிறேன். இத்தனை வருடம் அந்த ரோட்டில் போலீஸையும் மாட்டையும்தான் பார்த்திருக்கிறேன், தண்ணீரைப் பார்த்ததில்லை.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் அப்பா போனபோது அவளுக்கு மூன்று வயது. நான் கிளீனராகப் போன காசில் வளர்ந்தாள். அவள் கல்யாணம் முடிந்துவிட்ட சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? சாத்தூர் டீக்கடையில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாய் சோறு கூடப் போடலியே" என்று கேட்டான். மதம் வேறு என்பதை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். அந்த டீயை இன்னும் விழுங்க முடியவில்லை.

சண்முகம்


டெலானிபூர்
12 நவம்பர் 1968

அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த கப்பல் மழையில் ஒரு வாரம் தாமதம். இந்திராணிதான் வாங்கிப் பிரித்தாள். சாத்தூர் டீக்கடைப் பத்தி வந்ததும் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. அந்த வருடம் இந்தத் தீவிலிருந்து வந்து கோவில்பட்டிப் பட்டறையில் வேலை பழகியபோது, மூன்று தடவை உங்களிடம் சொல்ல லாரி செட்டுக்கு வந்தேன். முதல் தடவை நீங்கள் டயர் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். கையில் இரும்புக் கம்பி. இரண்டாம் தடவை தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்பப் பயம். மூன்றாம் தடவை, "என்ன தம்பி, வண்டியில என்ன கோளாறு?" என்று நீங்களே கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, அவளுடையது அல்ல. நீங்கள் கதவைச் சாத்தியபோது அவள் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதற்காக எனக்கும் உங்கள் பேரில் வருத்தம் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

இந்திராணி ஒன்று சொல்லச் சொன்னாள். "ரெண்டு பேரும் மாறி மாறி இழுக்கதுக்கு நான் என்ன கியர் கம்பியா?" என்கிறாள்.

தண்ணீர்ச் சோதனை முடிந்தது. காட்டுப் பக்கம் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. எட்டாவது மைலில் அழ ஆரம்பித்தவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். பார்த்தான். "பானி" என்றான். அடங்கிவிட்டான். பிறகு அரை மணி நேரம் சும்மா வந்தான். அரை மணிக்கு ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும். தை மாதத்துக்கே லீவு கேட்டுவிட்டேன். ஜனவரி இருபத்தைந்தில் கப்பல்.

ஒரு சந்தேகம். நான் முன்பு வந்ததெல்லாம் ராத்திரி ரயிலில், ரோட்டு வழி தெரியாது. வழியில் தென்பெண்ணை, கொள்ளிடம், காவேரி என்று மூன்று பெரிய ஆறு வருகிறது. ஃபெர்ரி எத்தனை மணிக்கு எத்தனை மணிக்கு? கடைசிப் படகைத் தவறவிட்டால் இக்கரையிலேயே தங்க இடம் உண்டா? இங்கே எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போவதென்றாலும் படகு நேரம் பார்த்துத்தான் கிளம்புவோம். ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு மணி நேரம் காத்திருப்பு என்று திட்டத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மிக்கேல்


கோவில்பட்டி
5 டிசம்பர் 1968

மிக்கேலுக்கு,

ஃபெர்ரி. காவேரிக்கு ஃபெர்ரி. இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பொன்னம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்தாள். நாலு வருடத்தில் உன் பெயர் சொல்லி இந்த வீட்டில் சிரிப்பது இதுதான் முதல் தடவை. ஐயா, எல்லா ஆற்றுக்கும் பாலம் இருக்கிறது. வண்டியை நிறுத்தாமலே போகலாம். அந்த ஆறு மணி நேரத்தை எடுத்துத் தூக்கத்தில் சேர்த்துக்கொள்ளும்.

(மேலே "உன்" என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.)

தண்ணீர் விவரம். போன மூன்று நடையில் பார்த்துக் குறித்தது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, நிறைந்திருக்கிறது. பாலாற்றை நம்ப வேண்டாம், மணல். மதுராந்தகம், அரை மணி நேரத்துக்குக் காட்டலாம். திண்டிவனம் தாண்டி ரோட்டோரத்தில் இரண்டு தாமரைக் குளம். தென்பெண்ணையில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். அதற்கப்புறம் உளுந்தூர்ப்பேட்டை வரை மோசம். அங்கே பால் கொடுத்துச் சமாளிக்கணும். தொழுதூரில் வெள்ளாறு. சமயபுரம் தாண்டினால் கொள்ளிடமும் காவேரியும் அடுத்தடுத்து. பையனுக்கு அங்கே தீபாவளிதான். மேலூரில் வாய்க்கால் ரோட்டோடு வரும். வைகையில் இந்த வருடம் தண்ணீர் போகிறது.

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கரிசல். கண்ணீர் விட்டால்தான் தண்ணீர். பழனிசாமி, "அண்ணாச்சி, ஒரு குடத்துல கொண்டுபோய் காட்டிருவமா" என்றான். அப்புறம் ஜம்புலிங்கத்தைப் போய்ப் பார்த்தேன். சாத்தூருக்கு வடக்கே ரோட்டோரத்தில் கிணறும் பம்ப்செட்டும் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி. மூன்று வருடம் முன்னால் வண்டி திரும்புவதில் அவருக்கும் எனக்கும் தகராறு; பேச்சுவார்த்தை கிடையாது. நானே போய்ப் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன். "கடல தேடுத பிள்ளையா? வரட்டும், தொட்டி நிறைய அடிச்சு விடுதேன்" என்றார்.

நீ லாரி செட்டுக்குச் சொல்ல வந்து சொல்லாமல் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. கார்புரேட்டரில் கோளாறு, கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

சண்முகம்


டெலானிபூர்
9 ஜனவரி 1969

அண்ணாச்சி அவர்களுக்கு,

இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன். சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

ஜீப் வராது. நாலு நாளுக்கு முன்னால் கப்பல் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை முழுக்க மரம் ஏற்றுகிறார்கள், வண்டிக்கு இடமில்லை. அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு லீவு அடுத்த கப்பலுக்கு இல்லை. மூன்று நாள் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றேன். மரைன் ஹில்லில் இருக்கிற ஒரு பெரிய அதிகாரி வீட்டு வாசலில்கூட நின்று பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் கப்பலை நீட்ட முடியுமா?

பெட்டி கட்டி வைத்திருந்தது. ஜீப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தேன். உங்கள் தண்ணீர்க் கடிதத்தைப் பார்த்து ரோட்டுப் படம் வரைந்து, ஏரிகளுக்கெல்லாம் நீல மை தடவி, டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன்.

வண்டி இல்லாமல் வர எனக்கு மனம் இல்லை. நீங்கள் போட்ட விதி அது, நான் ஏற்றுக்கொண்டது. பஸ்ஸில் வந்து உங்கள் வாசலில் பெட்டியோடு இறங்கினால் மறுபடி அன்றைக்கு நின்ற அதே ஆளாகத்தான் நிற்பேன். இந்திராணியையும் பையனையும் மட்டும் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பெட்டியிலிருந்து தன் துணிகளை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு, "அன்னைக்கு ரெண்டு பேரா நின்னோம். இன்னைக்கு நான் மட்டும் உள்ள போயி சோறு திங்கணுமா? எனக்கு அப்படி ஒரு வீடு வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், அண்ணாச்சி. ராத்திரியில் பையனுக்குச் சொல்கிற கதையில் ராஜாவுக்குப் பதில் ஒரு லாரிக்காரர்தான் வருவார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். ஜம்புலிங்கம் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வீண் சிரமம் கொடுத்துவிட்டேன்.

மிக்கேல்


கோவில்பட்டி
15 ஜனவரி 1969

மிக்கேல்,

டிக்கெட்டைக் கொடுக்காதே. கொடுத்துவிட்டால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கு. இதையும் விமானத் தபாலில்தான் போடுகிறேன்.

ஜீப் வராவிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல நீ யார்? நான் போட்ட விதியாம். நான் போட்டதைக் காப்பாற்றுவதும் கலைப்பதும் என் பாடு. எட்டுத் தடவை ஃபெரார்கஞ்ச் போய் வந்தவனுக்குக் கப்பல் ஆபீஸ்காரன் ஒருவன் மார்க் போடுவதா?

கப்பல் மெட்ராஸ் வருகிற அன்று துறைமுகத்துக்கு வெளியே என் லாரி நிற்கும். எனக்கு அங்கே தீப்பெட்டி லோடு இருக்கிறது, அதற்காகத்தான் வருகிறேன். பழனிசாமியை விட்டுவிட்டு வருகிறேன், முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நீல மைப் படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வா. உன் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு வா.

பொன்னம்மா பிள்ளைக்கு மெத்தை தைக்கிறாள். தாமசு என்றே கூப்பிடலாமா, வேலு என்று கூப்பிடணுமா என்று கேட்கிறாள். இரண்டுக்கும் திரும்புவான் என்று சொல்லியிருக்கிறேன்.

சண்முகம்


டெலானிபூர்
27 பிப்ரவரி 1969

அண்ணாச்சி அவர்களுக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். கடல் அமைதி. பையன் கப்பலில் நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டான். பொன்னம்மா அக்கா கொடுத்த முறுக்கு டின் நடுக்கடலிலேயே காலி.

நேரில் சொல்ல முடியாத சிலவற்றை எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் உங்கள் லாரியைப் பார்த்ததும் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே தீப்பெட்டியும் இல்லை, தீக்குச்சியும் இல்லை, லோடு இறக்கிய சுவடும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து காலியாகவே ஓட்டி வந்திருக்கிறீர்கள். லாரிக்காரனுக்கு அது எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு முன்னால் வந்தேன். இந்திராணி உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் பெட்டியை ஏற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் பிள்ளைக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்து, சாவியை என் கையில் போட்டு, "ஓட்டு" என்றீர்கள். ஒரே வார்த்தை. பையனை மடியில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டீர்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு எந்த டிரைவரும் தூங்கமாட்டான் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் தூங்குகிற மாதிரி இருந்தீர்கள். நான் பதறக்கூடாது என்று நடித்தீர்கள். ஒவ்வொரு கியருக்கும் உங்கள் காது என் கால் பக்கமே இருந்திருக்கும். அந்த ஐந்து மணி நேரமும் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி ஓட்டினேன். அந்த மரியாதைக்கு நன்றி.

கொள்ளிடத்தில் வண்டியை ஓரம் கட்டி உங்களைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்து, "எந்த ஊரு இது?" என்று கேட்டீர்கள். அதுவும் பரீட்சைதான் என்று புரிந்துகொண்டு, "கொள்ளிடம்" என்று உடனே பதில் சொன்னேன். பையன் உங்கள் மடியிலிருந்தே ஆற்றைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான்.

ஜம்புலிங்கம் அவர்களின் தொட்டியில் அவன் இறங்கி உட்கார்ந்ததையும், அவர் மோட்டாரை நிறுத்த மறுத்ததையும் பஜாரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மளிகைக்காரர் கேட்டுவிட்டு, அப்படியொரு ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்றார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியதும், நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் இறங்கி நேரே உள்ளே போய்விட்டீர்கள். இருபது நாளும் "மிக்கேல்" என்றுதான் கூப்பிட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஓட்டி வந்தது உங்கள் வண்டி, என்னுடையது இல்லை. ஜீப் இங்கே நிற்கிறது. இன்னொரு கப்பல் வராமலா போகும்?

மிக்கேல்


கோவில்பட்டி
2 ஏப்ரல் 1969

மாப்பிள்ளை மிக்கேலுக்கு,

வாயில் வரவில்லை. இருபது நாளும் வீட்டுக்குள் இருந்தாய். ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிடுவேன். நாலு வருடம் அடைத்துப்போட்ட கதவு, பூட்டைத் திறந்தாலும் கீல் துருப்பிடித்துக் கிடக்கிறது. எழுத்தில் வருகிறது. பொன்னம்மா, "நேர்ல சொல்ல வாய் வரல, இப்ப எழுதி என்னத்த கிழிக்க?" என்று திட்டுகிறாள். திட்டட்டும்.

யார் வண்டி என்பதெல்லாம் பேச்சா? நான் அன்றைக்குக் கேட்டது வண்டியை இல்லை. நீ என்ன மாதிரி ஆள் என்று தெரியாத ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன். அந்தப் பதில் செப்டம்பர் மாதமே தபாலில் வந்துவிட்டது, நாலு நாள் லீவு போட்ட கடிதத்தில். அதற்குப் பிறகு எல்லாம் என் வீம்பு.

தங்கச்சியிடம் சொல், அவள் விட்டுப்போன சீப்பைப் பொன்னம்மா எடுத்து வைத்திருக்கிறாள். பையனுக்கு இங்கிருந்து ஒரு படம் அனுப்புகிறேன், ஜம்புலிங்கத்தின் தொட்டியில் அவன் உட்கார்ந்திருக்கிற படம். ஜம்புலிங்கம் இப்போது என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்லி, "கடல் பிள்ள எப்ப வருது?" என்று கேட்கிறார். ஜீப் வருகிற வருடம் சொல், தண்ணீர் பார்த்து எழுதுகிறேன். இப்போது ஏரியெல்லாம் வற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியாக ஒன்று. நீ ஒரு விஷயத்தைத் தப்பாக எழுதியிருக்கிறாய். அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் நடிக்கவில்லை, மாப்பிள்ளை. பழனிசாமி பதினோரு வருடமாக என்னோடு வருகிறான். சமதளமான ரோட்டில் ஒரு தடவை அவன் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, அவனைவிட அதிகமாக நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வண்டியில் நான் கண் மூடியதே கிடையாது. அன்றைக்குத் திண்டிவனத்தில் உட்கார்ந்ததும், நீ எப்படிக் கிளட்சை விடுகிறாய் என்று பார்க்கத்தான் நினைத்தேன். இரண்டு கியர் மாற்றினாய். மூன்றாவதை நான் கேட்கவில்லை. பிள்ளை நெஞ்சில் சாய்ந்து தூங்கினான், தங்கச்சி பக்கத்தில் இருந்தாள். உளுந்தூர்ப்பேட்டை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தென்பெண்ணையை அவனுக்கு நான் காட்டுவதாக இருந்தேன், அதுவும் போயிற்று.

கொள்ளிடத்தில் நீ எழுப்பியபோது எந்த ஊர் என்று கேட்டேனே, அது தெரியாமல்தான் கேட்டேன்.

சண்முகம்